‘பதிவை நீக்கினால்தான் புது ஃப்ரிட்ஜ்’ என்கிறார்கள், என்ன செய்வது?

திருச்சி வாசகி ஒருவரின் கேள்வி: “34,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஃப்ரிட்ஜ் ஏழாவது மாதமே குளிர்வதை நிறுத்திவிட்டது. டெக்னீஷியன் மூன்று முறை வந்தார், கேஸ் நிரப்பினார், போனார். டோல்ஃப்ரீ எண்ணில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், நடந்ததை எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் எழுதினேன். மறுநாளே கம்பெனியிலிருந்து போன். ‘புது ஃப்ரிட்ஜ் தருகிறோம், முதலில் பதிவை நீக்குங்கள்’ என்கிறார்கள். கடைக்காரரோ, ‘மானநஷ்ட வழக்கு போட்டுடுவாங்கம்மா, எதுக்கு வம்பு’ என்று பயமுறுத்துகிறார். நீக்கிவிடட்டுமா? இப்படி எழுதுவதால் கம்பெனிகள் உண்மையிலேயே திருந்துகின்றனவா, இல்லை என் வாயை மட்டும் அடைக்கப் பார்க்கிறார்களா?”

நீக்காதீர்கள். ஆனால் திருத்துங்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த போன் விஷயம். ‘தருகிறோம்’ என்று வாயால் சொன்னதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். “சொன்னதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: வருவது பழுதுபார்த்த பழைய பெட்டியா, புதியதா, எந்த மாடல், வாரண்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கு. பல கம்பெனிகள் மாற்றித் தரும் பொருளுக்குப் பழைய வாரண்டியின் மிச்ச மாதங்களை மட்டுமே கொடுக்கும். கேட்டால்தான் தெரியும். பதிவைப் பற்றி நீங்கள் எழுத வேண்டிய பதில் இவ்வளவுதான்: “ஃப்ரிட்ஜ் வந்து, சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு, இன்ன தேதியில் மாற்றித் தந்தார்கள் என்று அதே பதிவில் சேர்த்துவிடுகிறேன்.” நியாயமான கம்பெனி இதற்கு மேல் கேட்காது. உண்மையாக எழுதியதை நீக்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. டெலிவரியின்போது ‘முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அச்சடித்த தாளை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. டெக்னீஷியன் வேலையை முடிக்காமலே, “ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க மேடம், பார்ட் நாளைக்கு வந்துடும்” என்பார். சொல்லிவிடாதீர்கள். அந்த எண்ணைச் சொன்ன நொடியில் கம்பெனியின் கணினியில் உங்கள் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிக்கொள்ளும். உங்கள் மூன்று புகார்களில் இரண்டு இப்படித்தான் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். அவரைக் கோபித்துப் பயனில்லை. ஒரு நாளைக்கு இத்தனை புகாரை முடிக்க வேண்டும் என்று அவர் தலையிலும் ஒரு கணக்கு இருக்கும்.

இனி மானநஷ்டம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு இதைக் குற்றமாக வைத்திருக்கிறது. உண்மையாகவும் இருந்து, வெளியே சொல்வதில் பொதுநலனும் இருந்தால் அது குற்றமில்லை என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. ஏழு மாதத்தில் ஃப்ரிட்ஜ் நின்றது, மூன்று முறை ஆள் வந்தார், இன்னும் குளிரவில்லை: பில்லும், டெக்னீஷியன் வந்துபோனதைப் பதியும் ஜாப் ஷீட்டும் கையில் இருக்கும்வரை இதை எழுதப் பயமே வேண்டாம். உங்கள் பதிவில் சிக்கல் வேறு இடத்தில். ‘பகல் கொள்ளைக்காரர்கள்’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். ‘இவர்கள் விற்கும் எல்லா ஃப்ரிட்ஜும் டுபாக்கூர்’ என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில் டெக்னீஷியனின் முகம் தெரியும் போட்டோ. முதலாவது வசை, இரண்டாவது உங்களால் நிரூபிக்க முடியாதது, மூன்றாவது ஒரு சம்பளக்காரரை ஊர் முன்னால் நிறுத்துவது. மூன்றையும் எடுத்துவிடுங்கள். எக்ஸில் திருத்த வசதி இல்லையென்றால், பழையதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, வசையும் போட்டோவும் இல்லாமல் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை எடுத்துவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“வாங்கிய ஏழாவது மாதத்தில் ஃப்ரிட்ஜ் குளிர்வதை நிறுத்தியது. மூன்று முறை சர்வீஸ் நடந்தது, ஜாப் ஷீட் இணைத்திருக்கிறேன். இன்றும் ஃப்ரீசரில் ஐஸ் கட்டவில்லை. மாற்றித் தருவீர்களா, எந்தத் தேதிக்குள்?”

இதைப் படிக்கும் அடுத்த வாடிக்கையாளருக்கு வசையைவிட இதுதான் உறைக்கும்.

ஆதாரம் என்ன வேலை செய்யும் என்பதற்கு இரண்டு வழக்குகள். பாராசூட் தேங்காய் எண்ணெய் பற்றி ஒருவர் போட்ட யூடியூப் வீடியோவை நீக்கச் சொல்லி 2020 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். வீடியோவில் சொன்னதைத் தாங்கும் அளவுக்குச் சான்று இல்லை என்பது அவர் பார்வை. அது மேல்முறையீட்டுக்கும் போனது. 2025 ஏப்ரலில், புரோட்டீன் பவுடர் விற்கும் நிறுவனம் ஒன்று சில யூடியூபர்களின் வீடியோக்களுக்குத் தடை கேட்டபோது, டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. அவர்கள் கையில் ஆய்வக அறிக்கை இருந்தது. உங்களுக்கு ஆய்வகம் வேண்டாம், ஜாப் ஷீட் போதும். ஒருவேளை வக்கீல் நோட்டீஸே வந்தால், நோட்டீஸ் வேறு, வழக்கு வேறு. கிழித்துப் போடாமல், ஆதாரத்தோடு அமைதியாகப் பதில் அனுப்புங்கள்.

கம்பெனிகள் திருந்துகின்றனவா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். டோல்ஃப்ரீயில் கிடைக்காத ஆள் எக்ஸில் ஒரே நாளில் கிடைத்தது எப்படி? உங்கள் புகாரை இனி வாங்கப் போகிறவர்களும் படிக்கிறார்கள், அதனால் அதைக் கவனிக்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அதே ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் இந்த மரியாதை கிடைக்காது. இதைத் திருந்துவது என்று நான் சொல்ல மாட்டேன். அழுகிற பிள்ளைக்குப் பால், அவ்வளவுதான்.

திருத்தம் நடந்த இடங்களைப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக்கை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 6-ம் தேதி, சர்வீஸுக்காக வரிசையாகத் தூசி படிந்து நின்ற ஓலா ஸ்கூட்டர்களின் போட்டோவை நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா எக்ஸில் போட்டார். நிறுவனத் தலைவர் பவிஷ் அகர்வால், ‘வந்து உதவி செய்யுங்கள், காசு தருகிறேன், இல்லையென்றால் சும்மா இருங்கள்’ என்ற தொனியில் மல்லுக்கு நின்றார். நாடே வேடிக்கை பார்த்தது, மறுநாள் பங்கு விலை சரிந்தது. அந்த வாரமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய செய்தியும் வந்தது. எல்லோரும் போட்டோவால் வந்த நோட்டீஸ் என்றுதான் நினைத்தார்கள். நோட்டீஸுக்குப் பின்னால் இருந்ததோ, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவாகியிருந்த 10,644 புகார்கள். அதில் 3,300-க்கும் மேல் சர்வீஸ் தாமதம் பற்றியவை. யாரோ முகம் தெரியாதவர்கள், ஒரு லைக்கும் வாங்காமல், வரிசையில் காத்திருந்து பதிந்த புகார்கள் அவை. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. ஆணையம் அதோடு விடாமல் விசாரணைக்கும் உத்தரவிட்டது.

ஓ.ஆர்.எஸ். கதையும் இதே ஜாதி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். இனிப்பு பானங்களின் பெயரிலேயே ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டு விற்பதை எதிர்த்து, ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் சுமார் எட்டு ஆண்டுகள் வீடியோ போட்டார். கூடவே தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார், அதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டும் இருந்தார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. வீடியோவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மனு இருந்தது.

ஆகவே நீங்களும் உங்கள் பதிவுக்குப் பக்கத்தில் ஒரு புகார் எண்ணை வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அதிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. முடியாவிட்டால், திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த வசதி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதை மறைக்க மாட்டேன். உங்கள் பதிவின் கீழே ‘எனக்கும் இதே மாடல், இதே கதை’ என்று நாலைந்து பேர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவர்களையும் 1915-இல் பதியச் சொல்லுங்கள். ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே மனு போடவும் அதே சட்டத்தின் 35-வது பிரிவில் வழி இருக்கிறது.

கீழே இன்னொரு பதிலும் கண்ணில் பட்டது. கம்பெனியின் பெயரை ஓர் எழுத்து மட்டும் மாற்றி வைத்திருக்கும் கணக்கு, ‘உங்கள் மொபைல் எண்ணைப் பகிருங்கள்’ என்கிறது. நீங்களும் பகிர்ந்திருக்கிறீர்கள்! அந்தப் பதிலை உடனே அழித்துவிடுங்கள். ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

வழக்குக்குப் போனால் கடைக்காரரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். வம்பு வேண்டாம் என்றவர் வருத்தப்படுவார்தான், ஆனால் பில் அவர் கொடுத்தது. மூன்று ஜாப் ஷீட்டில் இரண்டைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றாவதின் நகலைக் கேட்டு இன்றே சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் போடுங்கள். அவர்கள் தராவிட்டாலும், நீங்கள் கேட்டதற்கு அந்த மின்னஞ்சல் இருக்கும்.