“அனுமதிக் கட்டணம்” என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணனும் நங்கையாவும் குழந்தைகளோடு தை மாதம் வருகிறார்கள். அமுச்சியையும் (அம்மாவின் அம்மா) சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர். கோவையில் டவுன்ஹால், கோட்டைமேடு பக்கம் ஒரு வழிகாட்டியை வைத்து நடந்தே பார்க்க ஆசை. ஏஜென்ட் ஒருவர் ஆளுக்கு 900 ரூபாய் கேட்கிறார். கைடு, கோயில், சர்ச், பள்ளிவாசல் அனுமதி, டிபன் எல்லாம் அடக்கமாம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளம்பலாம், முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபே செய்யுங்கள் என்கிறார். அரசு அங்கீகாரம் என்று ஒரு சான்றிதழும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நம்பலாமா? அமுச்சிக்கு 74 வயது, முழங்கால் வலி. நடக்க முடியுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் கணக்கு. பன்னிரண்டு பேருக்கு 900 வீதம் 10,800 ரூபாய். டிபனுக்குத் தாராளமாக ஆளுக்கு 150 என்று வைத்தாலும் 1,800. மீதி 9,000 எதற்கு? கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்குள் போகக் கட்டணம் கிடையாது. கோனியம்மன் கோயிலிலும் இல்லை. பெரிய கடை வீதியில் உள்ள தூய மைக்கேல் பேராலயத்திலும் இல்லை. ஒப்பணக்கார வீதியின் அத்தர் ஜமாத் பள்ளிவாசலை வெளியே நின்று பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. உள்ளே போக விரும்பினால் தொழுகை இல்லாத நேரத்தில் ஜமாத்தாரிடம் கேட்பதுதான் முறை. அதற்கும் பணம் இல்லை. ஆக “அனுமதி” என்ற பெயரில் இந்த வட்டாரத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை. நீங்கள் பணம் கொடுப்பது ஒரு மனிதரின் நேரத்துக்கும் அவர் சொல்லும் விஷயத்துக்கும் மட்டும். அதைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல், ஒரு குழுவுக்கு இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எட்டுப் பேர் வந்தாலும் பன்னிரண்டு பேர் வந்தாலும் அவர் பேசப்போவது அதே பேச்சுத்தான்.

ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் கைடுக்கு எவ்வளவு போகிறது?” பதில் மழுப்பலாக வந்தால், “அவரோடு ஐந்து நிமிடம் போனில் பேச வேண்டும்” என்று கேளுங்கள். கைடு யாரென்றே முடிவு செய்யாமல் முன்பணம் வாங்குவதுதான் இந்தத் தொழிலின் பழைய தந்திரம். கடைசி நாளில் வேன் டிரைவரே கைடாகி, “இதுதான் டவுன்ஹால், ரொம்பப் பழசுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உங்களுக்கு வந்த சான்றிதழைப் பெரிதாக்கிப் பாருங்கள். அநேகமாக அது உத்யம் பதிவாக இருக்கும். ஆதாரும் பான் எண்ணும் வைத்திருக்கும் யாரும் தாங்களே விவரம் கொடுத்து, இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளும் சிறுதொழில் பதிவு அது. இட்லி மாவுக் கடைக்கும் கிடைக்கும். அதற்கும் வரலாறு சொல்லும் தகுதிக்கும் சம்பந்தமில்லை. ஜிஎஸ்டி சேர்த்துப் பில் போட்டால் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் எடுத்த எண் 33 என்று தொடங்கும். எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

அப்படியானால் கைடுக்கு அரசு உரிமம் வேண்டாமா என்று கேட்பீர்கள். நீங்கள் நடக்கப்போகும் இடம் பொதுத் தெரு. மத்திய சுற்றுலா அமைச்சகம் பயிற்சி கொடுத்து அட்டை தருகிறது. அட்டை உள்ளவர் என்றால் நல்லதுதான், படத்தையும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டவுன்ஹால் முன்னால் நின்று கதை சொல்ல அட்டை கட்டாயம் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சிங்கப்பூர்க்காரர்கள் அடுத்துக் கோட்டைகளுக்குத்தான் போக ஆசைப்படுவார்கள் என்பதால் இதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். சங்ககிரி மலைக்கோட்டை, நாமக்கல் கோட்டை போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே பழங்காலச் சின்னங்களுக்கான 1959ஆம் ஆண்டு விதிகள் செல்லும். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் பணம் வாங்கிக்கொண்டு பார்வையாளரைச் சுற்றிக் காட்ட, தொல்லியல் அதிகாரி கொடுத்த உரிமம் வேண்டும். கோட்டைமேட்டில் அருமையாகப் பேசிய அதே கைடு, தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரிக்கு உங்களோடு வந்து, 1805 ஜூலை 31 என்று தேதியோடு கதை சொல்லிக் கட்டணம் வாங்கினால், உரிமம் இல்லாத பட்சத்தில் அது விதிமீறல். பணம் வாங்காமல் உங்கள் மாமாவோ பள்ளி வாத்தியாரோ உள்ளே நின்று சொன்னால் இந்த விதி குறுக்கே வராது. கோட்டை வாசலுக்கு வெளியே, டீக்கடையில் உட்கார்ந்து கைடு சொன்னாலும் வராது. இன்னொரு குழப்பமும் உண்டு. “கோட்டையைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு, அதனால் தனி அனுமதி எடுக்கணும்” என்று ஏஜென்ட் சொல்வார். அந்தத் தூரக் கணக்கு கட்டடம் கட்டுவதற்கும் தோண்டுவதற்கும் உள்ளது. நடப்பவர்களுக்கும் பேசுபவர்களுக்கும் அதோடு வேலையில்லை. சங்ககிரி, நாமக்கல் பயணத்தைத் தனியாகப் பேசி, கைடு உரிமத்தின் நகலை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். அமுச்சியை மலை ஏற்ற வேண்டாம்.

இனி நேரம். ஞாயிறு மாலை 4 மணி என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுத்துவிடுங்கள். ஒப்பணக்கார வீதியில் அந்த நேரத்துக்குத் துணிக்கடைக் கூட்டம் ஏறத் தொடங்கும். கைடு சொல்வது மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. ஏஜென்ட் அந்த நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் வேறு: கடைகள் திறந்திருக்க வேண்டும். நடையின் கடைசியில் “பத்து நிமிஷம், கோரா காட்டன் பார்த்துட்டுப் போயிடலாம்” என்று ஒரு மாடிக் கடைக்குள் ஏற்றிவிடுவார்கள். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சேலையிலும் அவருக்குப் பங்கு. சேலை வேண்டுமென்றால் வேறொரு நாள் கோ-ஆப்டெக்ஸுக்கு நீங்களாகவே போங்கள்.

சனிக்கிழமை காலை 6.30க்குத் தொடங்கி 9 மணிக்குள் முடிப்பதுதான் சரி. கோயில் நடை திறந்திருக்கும், கடை ஷட்டர்கள் மூடியிருக்கும். மூடிய ஷட்டருக்கு மேலே அண்ணாந்து பார்த்தால்தான் பழைய வீட்டின் மாடமும் மரத்தூணும் தெரியும். கடை திறந்ததும் பெயர்ப்பலகையும் பொம்மையும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஞாயிறு காலையில் பேராலயத்தில் திருப்பலி நடக்கும்; அப்போது கூட்டமாக உள்ளே போய்ப் பேசிக்கொண்டு நிற்பது அழகல்ல. தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் ஆகாது.

எந்த வழியில் நடப்பது என்பதில்தான் அமுச்சிக்கான பதிலும் இருக்கிறது. மாசி மாதம் கோனியம்மன் தேர் ராஜ வீதித் தேர்நிலைத் திடலில் கிளம்பி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பக்கவுண்டர் வீதி சுற்றி மறுபடி ராஜ வீதிக்கு வரும். தேர் ஓடுகிற வீதி அகலமாகத்தான் இருக்கும், மேடு பள்ளம் குறைவு, படி ஏற வேண்டியதில்லை. அமுச்சி அந்தச் சுற்றை மட்டும் நடந்தால் போதும். சுற்று இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்டதுதான். உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மடக்கு ஸ்டூல் ஒன்றை யாராவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வழியில் உட்காரப் பொது இடம் என்று எதுவும் கிடையாது. நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. அதில் பைக்குகள் நிற்கின்றன. பழைய நகரத்தைச் சுற்றுலாத் தலமாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு மட்டும் குறைவில்லாமல் வரும். ஒரு பெஞ்சு, ஒரு சுத்தமான கழிப்பறை, கட்டடத்தின் வயதைச் சொல்லும் ஒரு பலகை என்று கேட்டால், ஒரு துறை இன்னொரு துறையைக் கை காட்டும். ஆகவே தங்கும் இடத்திலேயே கழிப்பறை போய்விட்டுக் கிளம்புங்கள்.

மற்றவர்கள் கோட்டைமேட்டில் தொடங்கட்டும். 6.30க்குக் கோட்டை ஈஸ்வரன் கோயில், அங்கிருந்து சந்துகள் வழியாகப் பெரிய கடை வீதி, பேராலயம், மணிக்கூண்டு, டவுன்ஹால், கோனியம்மன் கோயில். அமுச்சியை 7.30க்கு ஆட்டோவில் நேராகக் கோனியம்மன் கோயில் வாசலில் இறக்கிவிடுங்கள். தேர்ச் சுற்றை எல்லோரும் சேர்ந்து நடக்கலாம். அதே ஆட்டோவை 9 மணிக்குத் தேர்நிலைத் திடலுக்கு வரச் சொல்லிவிடுங்கள். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், இவை போதும். கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. கோயிலுக்குக் கோயில் கெடுபிடி மாறும். வாசலில் நின்று வாதாடாமல், ஒருவர் வெளியே இருந்து எல்லார் போனையும் வைத்துக்கொண்டு, அடுத்து அவர் போய் வரட்டும். அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் அச்சடித்த விலைக்குத்தான். கைடு வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோட்டைமேட்டுச் சந்துகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் கோலம் போடுகிறவரையும் தண்ணீர் பிடிக்கிறவரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கைடு தேறுவாரா என்று போனிலேயே கண்டுபிடிக்கலாம். “கோட்டைமேட்டில் கோட்டை எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். தெரிந்தவர், “சுவர் எதுவும் இல்லைங்க, பேர்தான் மிச்சம்” என்று தொடங்கி, 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லெப்டினன்ட் சால்மர்ஸ் சிறு படையோடு மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து நவம்பரில் திப்புவின் படையிடம் கோட்டையை விட்டதையும், 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஊர் கம்பெனி கைக்குப் போனதையும் சொல்வார். தெரியாதவர் உடனே சுரங்கப்பாதைக்குள் இறங்கிவிடுவார். ஸ்ரீரங்கப்பட்டணம் வரை குதிரையில் போகிற சுரங்கம், பாலக்காடு வரை போகிற சுரங்கம் என்று நீளும். ஊருக்கு ஊர் இதே சுரங்கம்தான். விக்டோரியா டவுன்ஹால் எப்போது கட்டியது என்று கேட்டால் 1892 என்று வர வேண்டும். வெரைட்டி ஹால் ரோட்டில் வெரைட்டி ஹால் எது என்று கேளுங்கள். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய சினிமாக் கொட்டகை, பிறகு டிலைட் தியேட்டர் ஆனது என்று சொல்பவரை நம்பி அழைக்கலாம். பிளேக் மாரியம்மன் கோயில்கள் இந்த ஊருக்கு ஏன் வந்தன என்று அவரே எடுத்துச் சொன்னால், பேரம் பேசாமல் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு பேருக்கு ஒரு கைடு சரி. ஏஜென்ட் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்து இருபத்தைந்து பேராக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சந்தில் அத்தனை பேர் நின்றால் பால்காரர் போக வழியிருக்காது, கைடு கத்த வேண்டியிருக்கும்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் இவற்றை எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்குங்கள்: கைடு பெயர், தேதி, தொடங்கும் இடம், முடியும் இடம், எத்தனை மணி நேரம், குழுவுக்கு மொத்தத் தொகை, கடைக்குக் கூட்டிப்போவது கிடையாது, கைடு மாறினால் முன்பணம் திருப்பித் தர வேண்டும். முன்பணம் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை நடை முடிந்ததும் கைடின் கையிலேயே கொடுங்கள். டிபனை இதில் சேர்க்கவே வேண்டாம். பசித்த நேரத்தில் பிடித்த கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும்போது ஏற்கெனவே முழுப் பணத்தையும் அனுப்பியிருந்தால், ரத்து செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். “பணத்தைத் திருப்பிப் போடுகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்று வந்தால் போடாதீர்கள். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் அந்த ரகசிய பின் (PIN) நம்பர் தேவையே இல்லை. போட்டால் இன்னொரு தொகை போய்விடும். அப்படிப் போய்விட்டால் ஏஜென்டோடு சண்டை போட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு.