சன்ஸ்கிரீன் பூசுவது என் நிறத்தை மறுப்பதா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 33 வயது. மதுரையில் மகளிர் குழுக்களுக்குக் கடன் வழங்கும் நிறுவனமொன்றின் களப்பணியாளராக, நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் ஸ்கூட்டரில் வெயிலில் அலைகிறேன். கறுப்பி என்று கேட்டே வளர்ந்தவள் நான். “வெயிலில் ஆடாதே, கறுத்துப்போனால் யார் கட்டிக்கொள்வார்” என்ற அம்மாவின் பேச்சுக்குப் பயந்து, பள்ளியில் கோ-கோ ஆடுவதையே விட்டுவிட்டேன். சென்ற ஆண்டு மருத்துவர் சீட்டில்லாமல் ஒரு சிவப்பழகு கிரீமை வாங்கிப் பூசினேன். சில வாரங்கள் முகம் வெளுத்தது. இப்போது வெயில் பட்டாலே எரிகிறது, கன்னங்களில் மங்கு படர்ந்திருக்கிறது. தோல் மருத்துவர், அந்தக் கிரீமை விடும் முறையைச் சொல்லி, தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார். அந்த ட்யூபைக் கையில் எடுத்தாலே, மறுபடியும் வெளுக்க ஆசைப்படுகிறேனோ என்று கூசி வைத்துவிடுகிறேன். சென்ற ஞாயிறு, தெருவில் விளையாடிய என் 8 வயது மகளைப் பார்த்து, “உள்ளே வா, கறுத்துடுவ” என்று நானே கத்தினேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

— மதுரை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தாயார் பகையால் அப்படிச் சொல்லவில்லை; பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணுக்கு அஞ்சிச் சொன்னார். அந்த அச்சம்தான் உங்கள் வாய்வழியே மகளிடம் வந்திருக்கிறது. அது உங்களை உறங்கவிடவில்லை என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

உங்கள் கூச்சத்துக்கும் காரணம் உண்டு. 1975 முதல் விற்கப்பட்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல்தான் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கியது. வெயிலிலிருந்து காப்பதையும் வெளுப்பதையும் இத்தனை காலம் ஒன்றாகவே கேட்டுப் பழகிய நமக்கு, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதாக இருக்காது.

ஆனால் உங்கள் கன்னம் எரிவது உண்மை. கறுத்த தோலிலுள்ள மெலனின் இயற்கையாகவே ஓரளவு காப்பளிக்கிறது என்றாலும் அது முழுக் காப்பு அன்று. எரிச்சலோ புண்ணோ ஆறிய இடத்தில் நம் தோல் எளிதில் கருமை கொள்ளும். மங்கு எனும் கருந்திட்டைப் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய கிரீமின் ட்யூபையும் அவரிடம் காட்டுங்கள்; அதில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றைச் சீட்டின்றி விற்பதற்கு 2018-இல் தடை வந்தும், அவை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடைக்கின்றன.

ஒரு வாரம், சன்ஸ்கிரீன் பூசும்போது மனத்தில் எந்தக் கேள்வி எழுகிறது என்று கவனியுங்கள்: ‘இன்று எரியாமல் இருக்குமா’ என்பதா, ‘வெளுத்திருக்கிறேனா’ என்பதா? இரண்டாவது எழுந்தால் பூசுவதை நிறுத்தாதீர்கள். பூசி முடித்ததும் கண்ணாடியை விட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தக் கேள்வி ஒரே நாளில் போகாது. பல மாதங்கள் ஆகியும் அது உங்களை வாட்டினால், நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

மகளிடம், அன்று சொன்னது தவறு என்று நேராகச் சொல்லுங்கள். 8 வயதுக் குழந்தைக்கு அது புரியும். உச்சிவெயிலில் அவளை அழைக்க நேர்ந்தால், “வெயில் சுடுது, தொப்பி போட்டுக்கோ, தண்ணி குடி” என்றே அழையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நீங்களும் தெருவில் இறங்கி, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கோ-கோ கற்றுக்கொடுங்கள்.