சம்பளம் ஏறிச்சி, மிச்சம் எங்க? உங்க கேள்விங்களும் என் பதிலும்

இந்த வாட்டி வந்ததுல பாதிக்கு மேல வீட்டு செலவு பத்திதான், சுங்கை சிப்புட் மார்க்கெட்ல மீன் வாங்க நின்னப்ப புடிச்சிக்கிட்டு கேட்டவங்களையும் சேத்துருக்கேன்.

2024ல மலேசியாவுல விலைவாசி 1.8 சதவீதம்தான் ஏறிச்சாமே, நெசமா சார்?

நெசந்தாம்மா. ஆனா அது நாட்டுல எல்லாரோட கூடையும் சேத்து போட்ட கணக்கு. புள்ளிவிவர இலாகா வீடு வீடா செலவ கேட்டு, எதுக்கு எவ்ளோ பங்கு போகுதுன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி கூட்டிப் போடுது, அந்த வருஷம் துணிமணி, போன் செலவெல்லாம் கொஞ்சம் எறங்குனதால மொத்தமும் கீழ வந்திருச்சி. நீங்க மாசாமாசம் போனா வாங்குறீங்க, கோழியும் மீனுந்தான? வருமானம் கொறைய கொறைய சாப்பாட்டுக்கு போற பங்கு பெருசாகும்னு எங்கெல்னு ஒரு ஜெர்மன்காரரு 1857லயே சொல்லிட்டாரு.

ஒரு குடும்பம் சராசரியா மாசம் 5,150 வெள்ளி (ரிங்கிட்) செலவு பண்ணுதாம். எங்களுக்கு அவ்ளோ வருமானமே இல்லையே?

அது 2022 கணக்கு, 2019ல 4,534. கோலாலம்பூர் கொண்டோ வீடும் உங்க வீடும் ஒரே சட்டியில போட்டு கலக்குனது, மனச விட்றாதீங்க.

சட்டப்படி குடுக்க வேண்டிய கொறஞ்சபட்ச சம்பளம் 1,700 ஆச்சி. ஆனா கையில நிக்க மாட்டேங்குது, ஏன்?

நல்ல கேள்வி. தீபகற்பத்துல 2013ல 900 வெள்ளி, 2022 மே மாசம் 1,500, 2025 பிப்ரவரியில 1,700. போன மாசம் ஒரு வீட்டுல ஒக்காந்து மைலோ டின்னுல இருந்த ரசீதையெல்லாம் கொட்டி எண்ணிப் பாத்தோம், புருஷன் செம்பனையில குலை வெட்டுறாரு, பொண்டாட்டி பேக்டரிக்கு விடியகாலையிலயே வேன் ஏறிடுது, சமைக்க நேரமில்ல, பசியார்றது ஒட்டுக்கடையில ரொட்டி சானாய், அப்புறம் மூணு போனுக்கு மூணு பிளான், மோட்டார் தவணை. ஆனா பெரிய ஓட்டை அது இல்ல, வாடகை! லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, இருந்தவரைக்கும் வீடு தோட்டத்துது, அடுப்புக்கு கித்தா (ரப்பர்) கட்டை, பின்னால முருங்கையும் கீரையும், இதுக்கெல்லாம் யாரும் காசு எண்ணிக் குடுக்கல. டவுனுக்கு வந்ததும் அத்தனைக்கும் பில்லு வருது. நாட்டு கணக்குலயும் வீடு, தண்ணி, கரண்ட், கேஸ் இதுக்குத்தான் பெரிய பங்கு, கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு. ஏறுன சம்பளத்துல பாதி முன்னாடி சும்மா கெடச்சதுக்கே போகுது, நீங்க ஊதாரி இல்ல.

போன்ல "இப்ப வாங்கு, பொறவு கட்டு"ன்னு வருதே, எடுக்கலாமா அண்ணே?

சீனர் கடை 555 புத்தகத்துல கடன் எழுதுறப்ப தவுக்கே (கடை மொதலாளி) மூஞ்சிய பாத்தே "போதும்லா"ன்னு நிப்பாட்டிருவாரு, போன் நிப்பாட்டாது. ஒண்ணு முடியாம இன்னொண்ணு எடுக்காதீங்க. ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க ஏ.கே.பி.கே.ங்கிற கடன் ஆலோசனை நிலையத்துக்கு போங்க, நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு கெடையாது.

தீபாவளி செலவுக்கு கூட்டு (சீட்டு) கட்டலாமான்னு பாக்குறேன்.

வேணாம்மா, 1971லயே சட்டம் போட்டு தடுத்தாச்சி, சட்டத்து பேர்லயே நம்ம 'கூட்டு' இருக்கு, அதுக்கு பெருமைப்படுறதா என்னான்னு தெரியல. எங்கம்மாவும் கட்டுனாங்க, கூட்டு புடிச்ச அம்மா ராவோட ராவா வீட்ட காலி பண்ணிட்டாங்க, அந்த தீபாவளிக்கு எனக்கு பழைய சட்டையில புது பட்டன்தான்.