கையெழுத்துப் போடாத அண்ணன் – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர், “தனிநாடு அறிவிப்பது சட்டவிரோதம் அல்ல என்று கொசோவோ விஷயத்தில் சர்வதேச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. இனி யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை” என்றார். பலத்த கைதட்டல். எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் 2008இல் அறிவித்த கொசோவோ இன்னும் ஏன் ஐ.நா.வில் இல்லை? தீர்ப்புக்கு மதிப்பில்லையா, பேச்சாளர் எதையாவது விட்டுவிட்டாரா?

கு., திருநெல்வேலி

அன்புள்ள கு.,

பேச்சாளர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்.

முதலில், அது தீர்ப்பே அல்ல. ஆலோசனைக் கருத்து. யாரையும் கட்டுப்படுத்தாது. செர்பியாவின் மாகாணமாக இருந்த, அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும் கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திரம் அறிவித்ததும் செர்பியா ஐ.நா. பொதுச்சபைக்குப் போய், “இந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டதா?” என்று ஹேக் நகரிலிருக்கும் அந்தச் சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வைத்தது. கேள்வியை எழுதிக் கொடுத்ததே செர்பியாதான். 2010 ஜூலை 22 அன்று நீதிபதிகள் பத்துக்கு நான்கு என்ற கணக்கில், அறிவிப்பு சட்டத்தை மீறவில்லை என்றார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. ஆனால் கொசோவோ ஒரு நாடா, பிரிந்துபோக அதற்கு உரிமை உண்டா என்பதற்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. அதை எங்களிடம் கேட்கவில்லையே என்று ஒதுங்கிக்கொண்டது. அதாவது, “நான் தனி” என்று உரக்கச் சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. சொன்னதால் தனியாகிவிடுகிறோமா என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் ஒரு குடும்பம். தம்பி நடுவில் சுவர் எழுப்பித் தனியாகக் குடிபோய்விட்டார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. வீடு தம்பி கையில்தான் இருக்கிறது. ஆனால் பட்டா மாறவில்லை, கரண்டு பில் அண்ணன் பெயரில் வருகிறது, வங்கியில் கடன் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கொசோவோவின் நிலை ஏறக்குறைய இதுதான்.

அண்ணன் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு சூடான் இருக்கிறது. 2011 ஜூலை 9 அன்று சுதந்திரம், ஜூலை 14 அன்று ஐ.நா.வில் இடம். ஐந்தே நாள். தாய்நாடான சூடானே முந்திக்கொண்டு அங்கீகரித்திருந்தது. (அப்புறம் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது தனிக்கதை.) வங்கதேசம் 1971 மார்ச்சில் அறிவித்தது, அந்த டிசம்பரில் போரிலும் வென்றது. ஆனாலும் 1972இல் சீனா பாதுகாப்பு அவையில் தன் வீட்டோவை, அதாவது தடை அதிகாரத்தை, போட்டு அதை ஐ.நா.வுக்குள் விடாமல் தடுத்தது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் அங்கீகரித்த பிறகுதான், அந்த செப்டம்பரில் ஐ.நா.வுக்குள் போக முடிந்தது.

கொசோவோவை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்கின்றன. ஆனால் பாதுகாப்பு அவையில் வீட்டோ வைத்திருக்கும் ரஷ்யாவும் சீனாவும் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே ஸ்பெயின், கிரேக்கம், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் ஏற்கவில்லை. தனிநாடு கேட்கும் கேட்டலோனியா வீட்டுக்குள் இருக்கும்போது ஸ்பெயின் எப்படி ஏற்கும்? 2017 அக்டோபரில் கேட்டலோனியா நாடாளுமன்றமும் சுதந்திரம் அறிவித்தது. ஒரு நாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு வேடிக்கை: தைவான் ஓடிப்போய் கொசோவோவை அங்கீகரித்தது, கொசோவோ பதிலுக்குத் தைவானை அங்கீகரிக்கவில்லை. தைவானைத் தன்னுடையது என்று சொல்லும் சீனாவை இன்னும் பகைத்துக்கொள்ள அதற்கு எங்கே தெம்பு!

அங்கீகாரம் இல்லை என்றால் கொடி, தூதரகம் என்று பெரிய விஷயங்களைத்தான் நினைக்கிறோம். அடி விழுவது சின்ன விஷயங்களில். தொலைபேசிக்குச் சொந்தக் குறியீட்டு எண் 2016 முடியும்வரை கிடையாது. செர்பியா, மொனாக்கோ, ஸ்லோவேனியா என்று மூன்று நாடுகளின் எண்களை இரவல் வாங்கிப் பேசினார்கள். ஜூடோ வீராங்கனை மாயிலிந்தா கெல்மெண்டி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அல்பேனியாவின் பெயரில் இறங்கினார். 2016 ரியோவில்தான் சொந்தக் கொடியின் கீழ் தங்கம் வாங்க முடிந்தது.

பேச்சாளர் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது. “எங்களுடையது தனிவகை, வேறு எதற்கும் முன்னுதாரணம் ஆகாது” என்று கொசோவோவின் அறிவிப்பிலேயே எழுதி வைத்தார்கள். அமெரிக்காவும் அதையே சொன்னது. அப்படிச் சொல்லிவிட்டால் முன்னுதாரணம் ஆகாமல் போய்விடுமா? ஆறே மாதத்தில், 2008 ஆகஸ்ட் 26 அன்று, ரஷ்யா ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் அங்கீகரித்தது. 2014 மார்ச் 11 அன்று உக்ரைனின் கிரிமியா வெளியிட்ட சுதந்திர அறிவிப்பு, ஹேக் நீதிமன்றத்தின் கொசோவோ கருத்தைத் தேதியோடு மேற்கோள் காட்டியது. ஒரே வாரத்தில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கொசோவோவை நாடு என்று ஏற்காத ரஷ்யாவுக்கு, கொசோவோ பற்றிய கருத்து மட்டும் இனித்தது. மேற்கு நாடுகளோ கொசோவோவுக்கு ஒரு நியாயம், அப்காசியாவுக்கு ஒரு நியாயம் பேசின. எனக்கு இந்த இரண்டு தரப்பின் மீதும் மரியாதை இல்லை. அதனால் 1999 வரை செர்பிய ஆட்சியின் கீழ் கொசோவோ அல்பேனியர்கள் பட்ட துன்பம் பொய்யாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கைதட்டியவர்கள் மனதில் இலங்கை இருந்திருக்கும். 2008இல் கொசோவோ அறிவித்த உடனே எதிர்த்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்தியா இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. ஹேக் கருத்தை மேடையில் எடுத்துக்காட்டுபவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கரண்டு பில் என்றேன் அல்லவா, அது வெறும் உவமை அல்ல. 2018 ஜனவரி முதல் மார்ச் வரை ஐரோப்பாவில் 25 நாடுகளில் அடுப்புக் கடிகாரமும் ரேடியோ அலாரமும் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கின. காரணம் கொசோவோ. உற்பத்தி செய்ததைவிட அதிக மின்சாரம் அங்கே செலவானது. வடக்கே செர்பியர் வாழும் ஊர்களில் அப்போது கட்டணமே வசூலாகவில்லை. குறையை ஈடுகட்ட வேண்டிய செர்பியா கைகட்டி நின்றது. கண்டம் முழுவதும் ஒரே மின்தொகுப்பு என்பதால் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் துளி இறங்கியது. அந்த அலைவெண்ணை எண்ணித்தான் இந்தக் கடிகாரங்கள் ஓடுகின்றன. விடுபட்டது நம் கணக்கில் 11 கோடியே 30 லட்சம் யூனிட். பிறகு அலைவெண்ணைச் சற்றே ஏற்றிக் கடிகாரங்களைச் சரிசெய்தார்கள். அந்த யூனிட்டுகளுக்கு யார் காசு கொடுப்பது என்ற தகராறுதான் இழுத்துக்கொண்டு போனது.