கேளுங்கள், சொல்கிறேன்: சார்ஜே போட வேண்டாத கார்

கேள்வி: ஹைபிரிட் கார் பார்க்க ஷோரூமுக்குப் போனேன். "இது பாதி எலெக்ட்ரிக் சார், சார்ஜே போட வேண்டாம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்கிறார்கள். என் மகளோ "வாங்கினால் முழு எலெக்ட்ரிக்கே வாங்குங்கப்பா" என்கிறாள். யார் சொல்வது சரி? (கோவை வாசகர்)

சார்ஜ் போட வேண்டாம் என்றால் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று அங்கேயே கேட்டிருக்கலாம். ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார். அதில் ஓடுவதெல்லாம் நீங்கள் டேங்கில் ஊற்றும் பெட்ரோல்தான். சாதாரணக் காரில் பிரேக் பிடித்தால் அதுவரை சேர்த்த வேகம் முழுக்கச் சூடாகிக் காற்றில் போய்விடும். ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பங்கைப் பேட்டரியில் போட்டு வைக்கிறது, அப்புறம் சிக்னலில் பச்சை விழுந்ததும் அதை எடுத்துச் செலவழித்துக் கிளம்புகிறது. எஞ்சினும் அட்கின்சன் என்ற சிக்கன முறையில் ஓடுவதால் இழுவை கொஞ்சம் குறைவு, சிக்கனம் அதிகம், குறைகிற இழுவைக்கு மோட்டார் கைகொடுக்கும். அதனால் காந்திபுரத்தில் நின்று நின்று போகிறவருக்கு நல்ல லாபம். சேலம் பைபாஸில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு? பிரேக் பிடிக்கவே வேலை இல்லை, எதைச் சேமிப்பது!

ஒரு கணக்கு. மாருதி கிராண்ட் விட்டாராவில் ஸ்ட்ராங் ஹைபிரிட் (மோட்டாரில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) அல்லாத பெட்ரோல் மாடலுக்குச் சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்குச் சுமார் 21 கி.மீ., ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குச் சுமார் 28. வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டினால் ஏறக்குறைய 120 லிட்டர் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், அப்படியென்றால் 275 கிலோ குறைகிறது. நம் ரோட்டில் மைலேஜ் இரண்டுக்குமே இறங்கும், அது வேறு.

மகளின் கட்சிக்கு வருவோம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி, ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டில் ஆறேழு கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் இன்றைக்கு, ஓடும்போது வெளியாவதை மட்டும் பார்த்தால், நல்ல ஹைபிரிட்டும் எலெக்ட்ரிக்கும் கிட்டத்தட்ட அக்கம்பக்கத்தில்தான் நிற்கின்றன. இதை எலெக்ட்ரிக் ஆதரவாளர்கள் சொல்லவே மாட்டார்கள். ஆனால் காற்றாலையும் சோலாரும் கூடக் கூட அதே எலெக்ட்ரிக் கார் வருடத்துக்கு வருடம் சுத்தமாகிக்கொண்டே போகும், உங்கள் ஹைபிரிட் பத்து வருடம் கழித்தும் லிட்டருக்கு அதே 2.3 கிலோதான். வீட்டு மாடியில் சோலார் இருந்து பகலில் சார்ஜ் போட முடியும் என்றால் மகள் பேச்சைக் கேளுங்கள். அபார்ட்மென்டில் சார்ஜ் போட வழியில்லை, ஓட்டமெல்லாம் ஊருக்குள்தான் என்றால் ஹைபிரிட்டில் தப்பே இல்லை.

கேள்வி: ஹைபிரிட் காருக்கு நிக்கல் தோண்டியே ஒரு ஊர் பாலைவனமாகிவிட்டதாமே, ஹம்மரே தேவலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. (திருச்சி வாசகர்)

இந்த வதந்திக்குக் கல்லூரியில் சேரும் வயதாகிவிட்டது! 2006-இல் அமெரிக்காவில் ஒரு மார்க்கெட்டிங் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸைவிட, ஹம்மர் என்ற பெரிய அமெரிக்க ஜீப் ஆயுள் முழுக்கப் பார்த்தால் குறைவாகவே எரிசக்தி தின்னும் என்றது. எப்படி? ஹம்மர் பிரியஸைவிட மிக அதிகத் தூரம் ஓடும் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள், தீர்ந்தது. கூடவே சுற்றிய அந்தப் பொட்டல் நிலம் கனடாவின் சட்பரி. அங்கே நிக்கல் உருக்கியதில் மரங்கள் கருகியதும் கந்தகப் புகையில் பாறைகள் கறுத்ததும் உண்மை, ஆனால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆரம்பித்த கதை. 1970-களின் கடைசியில் சுண்ணாம்பு தூவி, புல் விதைத்து, மரம் நட்டுச் சரிசெய்யவே தொடங்கிவிட்டார்கள். பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997-இல்! நிக்கலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாங்குவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்காரர்கள், நம் சமையலறை டம்ளரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேட்டரி அளவையும் பாருங்கள். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டில் இருப்பது 0.76 யூனிட் பேட்டரி. எலெக்ட்ரிக் காரில் 30, 40 யூனிட் சாதாரணம். ஒரு பெரிய எலெக்ட்ரிக் காருக்குப் போகிற மூலப்பொருளில் 90 ஹைபிரிட் செய்யலாம் என்று டொயோட்டா சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்வது ஹைபிரிட் விற்கிறவர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: எனது காரிலும் ஹைபிரிட் என்று எழுதியிருக்கிறது. ஆனால் மோட்டாரில் மட்டும் ஓடியதே இல்லை. (மதுரை வாசகர்)

அது மைல்ட் ஹைபிரிட். சிக்னலில் எஞ்சினை அணைத்துப் போடும், கிளம்பும்போது ஒரு சின்னத் தள்ளு தள்ளும், அவ்வளவே. எழுத்துதான் பெரிசு.

கேள்வி: எங்களிடம் பழைய டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் நிற்கிறது. ஹைபிரிட் பற்றரி போய்விட்டது. பழுதான செல்லை மட்டும் மாற்றலாம் என்கிறார் கராஜ்காரர். சூழலுக்கு அது நல்லதா? (யாழ்ப்பாண வாசகர்)

ஜப்பானில் ஓடி முடித்த ஹைபிரிட்டுகள் இலங்கையில் ஏராளம் என்பதால் இந்த வேலை தெரிந்தவர்களும் உங்கள் பக்கம் நிறைய. அக்குவா பற்றரியில் 20 மொட்யூல் (சில செல்கள் சேர்ந்த கட்டு), மொத்தம் 144 வோல்ட். கெட்டதை மட்டும் மாற்றினால் செலவு குறைவு, நல்லவை குப்பைக்குப் போகாது, அந்த வகையில் சூழலுக்கும் நல்லதே. சிக்கல் என்னவென்றால் மிச்சம் 19-க்கும் அதே வயது, ஒன்றைப் பார்த்து இன்னொன்று போகும். எனவே மாற்றுவதற்கு முன் எல்லா மொட்யூலையும் லோட் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். சும்மா நிற்கும்போது வோல்ட் பார்த்தால் கெட்டதும் நல்லதுபோலத்தான் காட்டும். பல கேஸில் குற்றவாளி தூசு: பின் சீட்டருகே இருக்கும் பற்றரி விசிறி அடைத்துக்கொண்டு, சூடேறி, செல் போய்விடுகிறது. அதைச் சுத்தம் செய்யாமல் புது செல் போட்டுப் பயனில்லை. கழற்றிய மொட்யூலுக்குள் காரத் திரவம் இருக்கிறது, நிக்கலும் இருக்கிறது. குப்பையோடு போடாமல் கராஜ்காரரிடமே கொடுத்து, பழைய உலோகம் எடுக்கிறவர்களிடம் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே திறந்து பார்க்க மட்டும் வேண்டாம், 144 வோல்ட் ஆளைக் கொல்லும்.