4294967297 பிரைம் நம்பரா?

இல்லைங்க. 641ஆல மீதியே இல்லாம வகுபடும். 641 × 6700417, போட்டுப் பாருங்க. ஆனா இது பிரைம்தான்னு நானும் ஒரு தடவை அடிச்சுச் சொல்லி அசடு வழிஞ்சிருக்கேன்.

காலேஜ்ல சி ப்ரோக்ராமிங் லேப். பிரைமா இல்லையான்னு பாக்குற ப்ரோக்ராம் எழுதி, பெருசா ஒரு நம்பர் குடுத்து சீன் போடலாம்னு இதையே ப்ரோக்ராமுக்குள்ள போட்டு ஓட்டினேன், பிரைம்னு வந்துச்சு. சார் பாத்துட்டு "அந்த நம்பரையும் சேத்து பிரிண்ட் பண்ணுப்பா"ன்னாரு. பண்ணினா ஸ்கிரீன்ல வெறும் 1! விஷயம் என்னன்னா இந்த நம்பர் 2³² + 1, நான் வெச்சிருந்த 32 பிட் அன்சைன்ட் இன்ட்ல (மைனஸ் இல்லாத முழு எண்ணை வைக்கிற டப்பா) 4294967295 வரைக்கும்தான் கொள்ளும், அதுக்கு மேல போனா கார் மீட்டர் மாதிரி திரும்ப 0, 1னு ஆரம்பிச்சிடும், 1க்கு வகுத்துப் பாக்குற லூப் உள்ளயே போகாது, அதனால ஆரம்பத்துல 'பிரைம்'னு வெச்ச ஃப்ளாக் போட்டது போட்டபடி நின்னு பிரைம்னு சொல்லிடுச்சு. கம்பைலர் வார்னிங் குடுத்துச்சுதான், லேப்ல வார்னிங்கை எவன் படிக்கிறான்.

ஒரே ஆறுதல், இதே நம்பர்ல பிரெஞ்சு கணித மேதை ஃபெர்மாவே சறுக்கியிருக்காரு. 2க்கு 1, 2, 4, 8, 16னு அடுக்கு போட்டு ஒண்ணு கூட்டினா 3, 5, 17, 257, 65537. அஞ்சும் பிரைம். 1640 வாக்குல இதைப் பாத்துட்டு வரிசை பூரா பிரைம்தான்னு நம்பிட்டாரு. அடுத்த அடுக்கு 32, அதாவது நம்மாளு. 1732ல ஆய்லர்ங்கிற இன்னொரு கணித மேதை 641ஐ எடுத்து வெச்சு கதையை முடிச்சாரு. அவரு ஒண்ணும் 3, 7, 11னு வரிசையா வகுத்துட்டு உக்காரத் தேவையில்ல, இதை மீதியில்லாம வகுக்கிற பிரைம் எதுவானாலும் 64ஓட மடங்குல ஒண்ணு கூட்டின மாதிரிதான் இருக்கும், அதுல பிரைம் மட்டும் பாத்தா 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுலயே மாட்டிக்கிச்சு!

பெருசா வகுக்காமலே 641ஐ சரிபாக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 5 × 2⁷ = 640, 641க்கு ஒண்ணு கம்மி, அதனால மீதி −1னு வெச்சுக்கோங்க. அதை நாலாம் அடுக்குக்குக் கொண்டு போனா மைனஸ் போயிடும், 5⁴ × 2²⁸க்கு மீதி 1. இப்போ 5⁴ = 625, அது 641க்கு 16 கம்மி, ஸோ 5⁴ இருக்கிற இடத்துல −2⁴ போடலாம். −2⁴ × 2²⁸னா −2³². அதுக்கு மீதி 1னா 2³²க்கு மீதி −1, ஒண்ணு கூட்டுங்க, 0. அவ்ளோதான், ரஃப் நோட்டுல நாலு வரி.

அந்த வரிசைல 64, 128னு அடுக்கை ஏத்திக்கிட்டே போய்ப் பாத்தாச்சு, 65537க்கு மேல இன்னிக்கு வரைக்கும் ஒரு பிரைம்கூட சிக்கல.