அழிந்த ஃபைலை மீட்கும் ஆப்: எப்போது உதவும், எப்போது வீண்?

கேள்வி: கேமரா மெமரி கார்டைத் தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டேன் அண்ணா. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதில்தான். மீட்க முடியுமா?

பதில்: நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதல் வேலையாகக் கார்டைக் கழற்றி வையுங்கள். இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். சாதாரண ஃபார்மேட்டில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும். படங்கள் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், மேலே புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை. கணினியில் போட்டோரெக் (PhotoRec) என்ற மீட்பு மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி பைட்டுகளோடு தொடங்கும். அதை அடையாளமாக வைத்துக் கார்டு முழுக்கத் துழாவி எடுக்கும். பழைய பெயர், ஃபோல்டர் எதுவும் திரும்பாது; எண்களே பெயராக வரும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பொறுமை வேண்டும். மீட்டதைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டவே வேண்டாம்.

நண்பர் ஒருவருக்கு இப்படி எடுத்துக் கொடுத்தபோது ஒரு படம் பாதிதான் வந்தது. மேலே குழந்தையின் முகம், கீழே வெறும் சாம்பல் நிறம். அழித்த பிறகு அவர் எடுத்த நாலைந்து படங்கள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. அதனால்தான் கார்டைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப் ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டுகிறது. எல்லாம் சின்னதாக, மங்கலாக இருக்கின்றனவே?

பதில்: அவை கேலரி தன் வசதிக்காக எடுத்து வைத்திருந்த தம்ப்நெயில்கள், அதாவது படங்களின் சின்ன நகல்கள். ரூட் செய்யாத, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைத் திறந்துவிடாத போனில், அழிந்த இடத்தை எட்டிப் பார்க்கவே ஆப்புக்கு வழியில்லை. ஆனால் எல்லா ஃபைலையும் பார்க்கும் அனுமதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். என்னைக் கேட்டால், அந்த ஆப்பை நீக்கிவிட்டு கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியைத் திறங்கள். பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் இருக்கும்.

கேள்வி: லேப்டாப்பில் எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் டிஸ்க். ஒரு ஃபைலுக்கு, குப்பைத்தொட்டிக்கே போகாமல் அழிக்கும் ஷிஃப்ட் டெலிட் அடித்துவிட்டேன்.

பதில்: கஷ்டம்தான். ஃபைலை அழித்ததுமே டிரிம் என்ற கட்டளை போகும். அந்த இடத்தை எஸ்எஸ்டி தானே காலி செய்துவிடும். பேக்கப்பில் தேடுங்கள்.

கேள்வி: ஒரு மீட்பு ஆப் இலவசமாக ஸ்கேன் செய்துவிட்டு, சேமிக்கப் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: பிரிவியூவில் ஃபைல் முழுசாகத் திறக்கிறதா? திறந்தால் யோசிக்கலாம். பட்டியலில் பெயர் வந்ததை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வருகிறது. எந்த ஆப் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம், இப்போதே பவரை எடுங்கள். அது உள்ளே சுழலும் தட்டில் எழுதிப் படிக்கும் ஹெட்டின் கோளாறாக இருக்கலாம். ஸ்கேன் ஓட ஓடத் தட்டு கீறிக்கொண்டே போகும். முக்கியமான ஃபைல் என்றால் நேராக டேட்டா ரெகவரி லேபுக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியில் யாரிடமும் அதைத் திறக்கக் கொடுக்காதீர்கள்.